அணில் பாடம்

எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான் என்று சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். நானே ஐந்தாம் வகுப்போடு நின்றவள். படிப்பைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அது உலகச் சண்டைக் காலம். அப்பா தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவர். தூத்துக்குடியில் மாதா கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என்னை ஒன்றாம் வகுப்பில் போட்டிருந்தார்கள். சேர்ந்த கையோடு அம்மை போட்டுவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் தெம்பில்லாமல் மாதக்கணக்கில் வீட்டோடு கிடந்தேன். இந்த வருஷம் தேறாவிட்டால் படிப்பு போதும், தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அம்மா என் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அவள் கருவாடு விற்க உட்காருவது பள்ளிக்கூட மதில் ஓரம். உள்ளே பிள்ளைகள் ராகம் போட்டு வாசிப்பது வெளியே நன்றாகக் கேட்கும். சாயங்காலம் கூடையை இறக்கிவிட்டு, வாடை போகக் கையைத் தேய்த்துக் கழுவி, புத்தகத்தை மடியில் விரிப்பாள். ஆள்காட்டி விரல் வரியின் மேல் ஊரும். "அணில் ஓடி வந்தது. மரத்தில் ஏறியது. பழத்தைக் கடித்தது." நானும் விரல் வைத்து அதே ராகத்தில் சொல்வேன். முடிவில் இருவரும் சேர்ந்து "ஆமென் சேசு" என்போம். கோயிலில் அப்படித்தானே முடிப்பார்கள்? வாசிப்புக்கு வேறு முடிவு உண்டென்று எனக்குத் தெரியாது.

பரீட்சையன்று டீச்சர் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். விரலை வைத்து அணிலை ஓடவிட்டேன். ஆமென் சேசு வந்ததும் வகுப்பே சிரித்தது.

"டீச்சர், அங்கன மாட்டுப் படம்லா இருக்கு!" என்றாள் ஒருத்தி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாடு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். படம் வேறு, வாசிப்பு வேறுதானே?

"யாருளா ஒனக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"எங்க அம்மா. அவளுக்கு நல்லா வாசிக்கத் தெரியும், டீச்சர்."

மதில் ஓரத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு வந்தார்கள். சேலையில் கையைத் துடைத்தபடி வாசலில் நின்றாள்.

"பிள்ளை என்னமோ சொல்லுதா. நீங்க சொல்லிக் கொடுத்ததைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க" என்று டீச்சர் அதே பக்கத்தை நீட்டினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "வாசிம்மா" என்றேன், பெருமையோடு.

விரல் வரியில் ஊர்ந்தது. அணில் ஓடி வந்தது, மரத்தில் ஏறியது, பழத்தைக் கடித்தது. கதை முடிந்துவிட்டது. விரலுக்குக் கீழே இன்னும் வரிகள் இருந்தன. விரல் அங்கேயே நின்றது. "ஆமென் சேசு" என்றாள், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

நான் சொன்னதேதான்! ஒரு எழுத்துப் பிசகவில்லை. டீச்சருக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லையோ என்று சந்தேகம் வந்தது. சிரிக்கப் போன பிள்ளைகளை அவர் ஒரு பார்வையில் அடக்கினார். பிறகு அம்மா கூடையோடு உட்காரும் மதிலைப் பார்த்தார்.

"பிள்ளையை ரெண்டாம் வகுப்புல போடுதேன். எழுத்து நான் சொல்லிக் கொடுத்துக்கிடுதேன். நீங்க இனிமே சிரமப்படாண்டாம்."

வீடு வரைக்கும் அம்மா வலது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள். அப்பாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "ஏளா, பிள்ளையைத் தேத்தி விட்டுட்டியே! பெரிய வாத்திச்சிதான் நீ!" என்று கேலி பேசினார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தேறியாயிற்றே, இவளுக்கு என்ன வருத்தம்? வழக்கம்போலப் புத்தகத்தைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். அவள் விரிக்கவில்லை.

"விரலு வலிக்குளா" என்றாள்.

முந்தானையை விலக்கி அந்த விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முள் குத்தவில்லை, வெட்டுக்காயம் இல்லை. எந்த இடத்தில் வலிக்கிறதென்று தெரியாததால் விரல் முழுக்க ஊதிவிட்டேன்.