ஆணி அடிக்காத பலகைகள்

இன்று காலை உப்புவெளியில் பஸ்ஸுக்கு நின்றபோது, யாரோ வேலியில் போட்டிருந்த டீசல் துணி வெயிலில் காய்ந்து மணத்தது. அந்த மணம் என்னை எங்கள் பழைய வீட்டு வளவுக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே விடுதி நிற்கிறது. அன்று புளியமரத்தடியில், தென்னங்குற்றிகளின் மேல், எங்கள் மீன்பிடி வள்ளம் நின்றது. வள்ளம் அப்பாவுடையது, எஞ்சின் சித்தப்பாவுடையது. சித்தப்பா தனியே தொழில் செய்யப் புல்மோட்டைக்குப் போவதென்று முடிவானதும் எஞ்சினைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஆனால், அதை ஒருநாளும் வெளியே எடுக்கத் தேவைப்படாது என்பதுபோல, இருவருமாக அதன்மேல் பலகை போட்டு ஆணி அடித்து மூடியிருந்தார்கள்.

"ஆரின்ரை மூளையடா இது?" என்றார் அப்பா.

"ஆணி அடிச்சது நீங்கள்தானே, அண்ணை!"

சிரித்துக்கொண்டே பலகைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார்கள். கிளையில் கட்டிய சங்கிலி கடகடவென்று இழுபட, எஞ்சின் எண்ணெய் சொட்டச் சொட்ட மேலே வந்தது. அது இருந்த பள்ளத்தில் கறுத்த தண்ணீரும், எப்போதோ தொலைந்த என் ரிப்பனும் கிடந்தன.

அந்தப் பலகைகளை அப்பா பிறகு பள்ளத்தின்மேல், ஆணி அடிக்காமல், அடுக்கி மட்டுமே வைத்தார். மழை நாட்களில் வள்ளத்துக்குள் தண்ணீர் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் வளர்ந்தேன். அன்று எஞ்சினையும் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு லொறி கிளம்பியபோது, சுத்தியலோடு நின்ற அப்பாவிடம் சித்தப்பா தலையை நீட்டிச் சொன்னது இவ்வளவுதான்:

"இப்ப ஆணி அடிக்காதேங்கோ, அண்ணை. நான் வந்து அடிக்கிறன்."