எந்த நாட்டுக்குப் போகணும்?

ஜவ்வாது மலைக்கு எப்படிப் போவது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நான் முதலில் போனது சுற்றிப் பார்க்க அல்ல. எழுபதுகளின் கடைசியில் போளூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். சீனியர் எம்.எல்.ஏ.வும்கூட. காளி என்ற மலைக்காரர் மேல் சந்தன மரம் வெட்டியதாக வழக்கு. மறுநாள் காலைக்குள் சாட்சி கிடைக்காவிட்டால் அவருக்கு ஜெயில்தான்.

“மரம் வெட்டுனதாச் சொல்ற அன்னிக்கு அவரு நாட்டுலயே இல்லீங்க” என்று காளியின் மனைவி அன்று காலை கூண்டில் சொன்னதும் கோர்ட்டே சிரித்தது. “பாரினா போயிருந்தான்?” என்றார் அரசு வக்கீல். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கிவிட்டாள். வேறு சாட்சி தேடித்தான் பஸ் ஏறினோம்.

போளூரிலிருந்து மலை மேல் உள்ள ஜமுனாமரத்தூர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் மலை வளைவுகள். திரும்பி வரும் சாயங்கால பஸ்ஸை விட்டால் காளியின் கதை முடிந்தது.

இறங்கியதும் டீக்கடைக்காரர் கேட்டார்: “எந்த நாட்டுக்குப் போவணுங்க?”

“இந்தியாவுக்குத்தான்” என்றேன் எரிச்சலாக.

“அதில்லீங்க. இங்க பல ஊரு சேந்தா ஒரு நாடு.”

சீனியர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். “காளி பொண்ணு எடுத்த ஊரு இந்த நாடா?”

“அது அடுத்த நாடுங்க. அந்த ஊருத் திருவிழா அன்னிக்குப் பூரா அங்கதான் கெடந்தான். ஊருக்குத் தலைவரு ஊர்க்கவுண்டரு, அவரக் கேளுங்க.”

திருவிழா நாளும் மரம் வெட்டியதாகச் சொன்ன நாளும் ஒன்றேதான்! சாமைக் கொல்லைகளின் நடுவே ஓட்டமும் நடையுமாகப் போனோம். மழை பிடித்துக்கொண்டது. ஊர்க்கவுண்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சீனியரை ஏற இறங்கப் பார்த்தார்.

“காளி இங்கதான் இருந்தான். ஆனா சந்தன மரத்துக்கு ஜெயில்னு போட்ட இந்தச் சட்டத்துக்குச் சட்டசபையில நீங்களும் கை தூக்குனீங்கல்ல?”

“தூக்குனேங்க.”

“அப்ப எங்கள இன்னான்னு நெனச்சீங்க?”

“உங்களப் பத்தி நெனைக்கவே இல்லீங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மை பேச இதுதானா நேரம்? கவுண்டர் வீட்டுக்குள் போய்விட்டார். தொலைந்தோம் என்றே நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் ‘நாடு’ என்றால் என்னவென்று அவர் கூண்டில் நின்று விளக்கியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. காளியை விட்டுவிட்டார்கள். கோர்ட் வாசலில் கவுண்டர் சீனியரிடம் சொன்னார்: “அடுத்த தபா கை தூக்கறதுக்கு முன்னாடி மேல வந்துட்டுப் போங்க.”

சீனியர் போனார். பதவி போன பிறகும் போய்க்கொண்டிருந்தார்.

நீங்கள் போவதானால் குடை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் எப்போது என்று இறங்கியவுடனே கேட்டுவிடுங்கள். எந்த நாடு என்று யாராவது கேட்டால், சிரிக்காதீர்கள்.