கோழிக் கதையின் மிச்சம்

குண்டு பட்ட காலை இழுத்தபடி, இரண்டு முழங்கைகளையும் சிறகாக அடித்துக்கொண்டு பெரியப்பா கோழியாகிக் காட்டினால், கிருமாம்பாக்கத்தில் கடலூர் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்த் திரும்பிய சிப்பாய் அவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. நான் இன்று வீடியோ கேமுக்குப் போர்க்கதை எழுதிப் பிழைக்கிறேன். “சோகம் ஜாஸ்தி, கொஞ்சம் காமெடி சேருங்க” என்று ஆபீசில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் கோழிதான் ஞாபகம் வரும். சேர்ப்பது சுலபம். எங்கே நிறுத்துவது என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.

பெரியப்பாவின் கதை இதுதான். ஆறு பேர் ஒரு பதுங்குகுழியில் மாட்டிக்கொள்கிறார்கள். தலையைத் தூக்கினால் குண்டு. ரொட்டி தீர்ந்து நாலு நாள். எங்கிருந்தோ ஒரு கோழி வந்து மேலே மேய்கிறது. கூட இருந்த குருவிநத்தத்துக்காரர் பாய்ந்து ஏறிவிடுகிறார். கோழி இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், கால்சட்டை வேறு அவிழ்கிறது. எதிரியே சுட மறந்து சிரிக்கிறான். கடைசியில் கோழியைப் பிடித்துக் குழிக்குள் எறிகிறார். “அன்னிக்கு சூப்பு வெச்சோம் பாரு!” என்று பெரியப்பா தொடையில் தட்டுவார். கதை முடிந்தது. கோழி எவ்வளவு பெரிசு, உப்புக்கு என்ன செய்தீர்கள் என்றெல்லாம் நாங்கள் கேட்டிருக்கிறோம். சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கும் குருவிநத்தத்துக்கு அவர் ஒருநாளும் போனதில்லை என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை.

எனக்குப் பத்து வயது. ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினம். புதுச்சேரி போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்துவிட்டு வந்து, மெடல்களைக் கழற்றாமலே பெரியப்பா சாப்பிட உட்கார்ந்தார். அப்போது ஓர் அம்மா வந்தார், குருவிநத்தத்துக்காரரின் மனைவி. கணவர் இறந்ததாக ஒரு காகிதம் வந்ததோடு சரி, எப்படி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அன்று காலைதான் இன்னொரு சொல்தா பெரியப்பாவைக் கைகாட்டியிருக்கிறார்.

“கடைசியா அவுரு கூட இருந்தது நீங்கதானாமே. இன்னா ஆச்சுண்ணா?”

பெரியப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எனக்கோ, கோழி பிடித்தவரின் மனைவியையே பார்த்துவிட்ட சந்தோஷம். அவர் செத்தது வேறு ஏதோ சண்டையில் என்று நினைத்துக்கொண்டு, “பெரிப்பா, அந்தக் கோழி கதைய சொல்லு” என்றேன்.

பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. வாசலில் அந்த அம்மா, அடுப்படிக் கதவில் பெரியம்மா. எழுந்து போக வழியில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார். கால்சட்டை அவிழ்ந்த இடத்தில் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “எங்க வூட்லயும் அப்பிடித்தான். விருந்தாளி வந்தா தெருவையே சுத்தி வந்துதான் கோழிய புடிப்பாரு.” பெரியப்பா அவசரமாகச் சூப்பில் கொண்டுபோய் முடித்தார்.

“கோழிய உள்ள போட்டாரு. சரி, அவுரு உள்ள வந்தாரா?”

இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.

“வர்ல தங்கச்சி. குழி ஓரத்துலயே வுழுந்துட்டான். கைய நீட்டி இழுத்திருக்கலாம். பயந்துகினு ஒருத்தனும் நீட்டல.”

பெரியப்பா தேம்பித் தேம்பி அழுதார். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அந்தக் கோழிய சாப்ட்டீங்களா?” என்றார். “சாப்ட்டோம்” என்றார் பெரியப்பா. “அது போதும். அவுரு புடிச்சது வீணா போவல.”

எவ்வளவு பெரிய மனசு! ஆனால் பெரியப்பாவுக்கு அதனால் விடுதலை கிடைக்கவில்லை. வருஷம் தவறாமல் ஜூலை பதினாலன்று அந்த அம்மா வந்து முழுக் கதையையும் கேட்டார். அதே இடத்தில் சிரித்தார், அதே இடத்தில் கண்ணைத் துடைத்தார். அதற்குப் பிறகு வேறு யாருக்கும் பெரியப்பா அந்தக் கதையைச் சொல்வதில்லை. என் வாய்த்துடுக்கால் அவர் மறுபடி அந்தக் குழிக்குள் போய்விட்டார் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

ஒரு வருஷம் அந்த அம்மாவைத் தூரத்தில் பார்த்ததுமே பெரியப்பா, “நான் இல்லன்னு சொல்லுடி” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடி மாட்டுக்கொட்டகையில் ஒளிந்துகொண்டார். நான் போய்ச் சொன்னேன். அந்த அம்மா நம்பினாரோ இல்லையோ, “வரட்டும்” என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார். வெயில் தாழ்ந்தது. பெரியம்மா கொடுத்த காப்பியைக்கூட அவர் தொடவில்லை. கடைசியில் பெரியப்பா வேட்டியில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டபடி தானாகவே வந்து அவர் எதிரே உட்கார்ந்தார்.

“அன்னிக்கு எங்க எல்லாருக்குமே நல்ல பசி தங்கச்சி” என்று ஆரம்பித்தார்.