அணையைத் தாண்டிப் போன அப்பா

என் அப்பாவின் பெயர் தெஹென். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கஹாயான் ஆற்றங்கரையில் முதல் பிள்ளை பிறந்ததும் ஆளின் பெயர் மாறிவிடும். நான் பிறந்த நாளிலிருந்து அவர் 'யெர்னி அப்பா'. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. கடைக்காரர் இன்னும் "யெர்னி அப்பா வாங்குற காப்பித்தூள்தானே?" என்றுதான் கேட்கிறார். ஆமாம் என்று வாங்கி வருகிறேன்.

எனக்குத் தண்ணீர் அளக்கும் வேலை. காட்டுக்குள் துளையிட்ட குழாய்களைப் புதைத்திருக்கிறோம். வாரம் இரண்டு முறை நாடாவை இறக்கி, தரைக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நிற்கிறது என்று குறித்துக்கொள்வேன். எங்கள் கரிமண், ஆயிரக்கணக்கான வருடம் தண்ணீரில் ஊறிய இலையும் கட்டையும். நனைந்திருக்கும்வரை காடு. காய்ந்தால் விறகு. நாற்பதுக்குக் கீழே போனால் எனக்குச் சோறு இறங்காது.

அப்பா அந்தக் காட்டை வெட்டியவர். நெல் விளையும் என்று சொல்லி அரசாங்கத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நெல் விளையவில்லை, தண்ணீர்தான் வடிந்தது. வெட்டிய மரங்களை அப்பா அதே வாய்க்காலில் மிதக்கவிட்டார். நான் படித்தது அந்த மரங்கள் விற்ற காசில்தான். பிறகு ஒரு கோடையில் காடு எரிந்தது. தீ கண்ணுக்குத் தெரியாமல் காலுக்கடியில் ஊர்ந்தது. புகையில் இரண்டு மாதம் பகலிலும் விளக்கு வைத்துக்கொண்டோம். அவருடைய நுரையீரல் கெட்டது அப்போதுதான்.

வாய்க்காலை மறித்து, கட்டையும் மண்மூட்டையும் அடுக்கி, நடுவில் பலகை போட்ட மடை வைத்து, தண்ணீர் வடியாமலிருக்க ஊரார் அணை போட்டார்கள். அடுத்த மழைக்கு அப்பா நாற்றுக்கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்திலிருந்து தொண்டர்கள் வருவார்கள். ஒருமுறை ஒரு பெண் பிளாஸ்டிக் பையோடு நாற்றைக் குழியில் இறக்கினாள்.

"ஏம்மா, நீ சட்டையோடயா குளிப்ப? அதுக்கு மட்டும் எதுக்குச் சட்டை?" என்றார் அப்பா.

அவள் வெட்கப்பட்டுப் பையைக் கிழித்தாள். தொண்டர்கள் வந்துபோன மறுநாள் அவர் ஒவ்வொரு நாற்றாகப் போய் அசைத்துப் பார்ப்பார். தளர்ந்ததை எடுத்து, வெள்ளம் மூழ்கடிக்காதபடி முழங்கால் உயரம் மேடு கட்டி, திரும்ப நடுவார். நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ளும் எனோன் அக்கா விடமாட்டார்.

"வெட்டும்போது இவ்ளோ நிதானம் இல்லையே, யெர்னி அப்பா?"

"அப்ப ரம்பம் அவசரப்பட்டுச்சு, எனோனு. நான் என்ன பண்ண?"

அவர் கையால் நட்ட பலாங்கேரான் மரங்களில் இருநூற்றறுபது நிற்கின்றன. தலை உயரம்கூட இல்லை. வேர் இன்னும் ஆழம் போகவில்லை.

அவரை ஊர் ஓரத்தில் புதைத்தோம். எங்களில் அது பாதிதான். எலும்பை எடுத்துச் சுத்தம் செய்து, முன்னோரின் எலும்பு வீட்டில் வைத்தால்தான் ஆத்மா மேலூருக்குப் போகும். அந்த வீடு வாய்க்காலின் மேல்கோடியில், அணைக்கு அப்பால் இருக்கிறது.

இந்த ஆகஸ்டில் அப்பாவின் அண்ணன் லம்பாங் பெரியப்பா வந்தார். காப்பி கொடுத்தேன்.

"சடங்குக்கு நாள் குறிச்சாச்சு. மடையைத் தெறந்து வை. பதினாலு படகு போகணும். எருமை, பன்னி, சடங்குல அடிக்கிற வெங்கலக் கோங்கு எல்லாம் இருக்கு."

"எத்தன நாளைக்கு?"

"போய்ட்டு வர ஒம்பது நாள்."

"இப்ப முப்பத்தேழுல நிக்குது. தெறந்தா அறுபதுக்குப் போயிடும், பெரியப்பா. அக்டோபர் வரைக்கும் மழை இல்ல. அப்பா நட்டது அத்தனையும் காஞ்சிடும். மழை வரட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன. வழி தெரியாம இங்கயே சுத்திக்கிட்டிருக்கான் உங்கப்பன்."

"இருக்கட்டுமே."

வாய் தவறி வந்துவிட்டது. பெரியப்பா குவளையைக் கீழே வைத்தார்.

"ஓகோ. தண்ணிக்காக இல்ல. நீதான் அவன விட மாட்டேங்குற."

தண்ணீர்க் கணக்கு சரி. அவர் சொன்னதும் சரி. மூன்று வருடமாக மீனும் பிரம்புக் குருத்தும் போட்ட குழம்பை இரண்டு பேருக்குத்தான் வைக்கிறேன். குழாயடியில் அளவை உரக்கச் சொல்கிறேன். அப்பா இன்னும் போகவில்லை, பக்கத்தில்தான் இருக்கிறார் என்பதில்தான் என் நாட்கள் நகர்ந்தன. அணை மூடியிருக்கும்வரை அவரும் இருப்பார்.

மறுநாள் அப்பா நட்ட மரங்களுக்கிடையே போய் அளந்தேன். முப்பத்தெட்டு. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பெரியப்பா வீட்டுக்கு நடந்தேன். எனோன் அக்காவும் அங்கே இருந்தார்.

"சடங்க நடத்துங்க. மடையைத் தெறக்க வேணாம். அணைக்கு இந்தப் பக்கம் எறக்கி, அந்தப் பக்கம் வேற படகுல ஏத்தலாம்."

"எருமைய?"

"எருமை நடக்கும், பெரியப்பா."

அவர் சிரிக்கவில்லை. "நடுவழியில எறக்கினா அவன் அங்கயே நின்னுட்டா?"

"நின்னா நிக்கட்டும், நாத்து தூக்க ஆள் பத்தல" என்றார் எனோன் அக்கா. பெரியப்பா அவரை முறைத்துவிட்டுப் பூசாரியிடம் போனார். இரத்த உறவு ஒருவர் எலும்புப் பெட்டியைத் தரையில் வைக்காமல் அணையைத் தாண்டினால் போதும் என்று பூசாரி சொன்னார்.

புறப்படும் நாள் காலை நடவுக்காரர்கள் நாற்பது பேர் அணைமேல் வரிசையாக நின்றார்கள். கரிமண்ணில் சுமையோடு நடந்தால் கால் புதையும். அதனால் நாற்றுத்தட்டுகளைக் கைமாற்றித்தான் நாங்கள் எப்போதும் காட்டுக்குள் கொண்டுபோவோம். அன்று அதே கைகளில் அரிசி மூட்டை போனது, கோங்குகள் போயின. கால் கட்டிய பன்றி ஒன்று கத்திக்கொண்டே போனது.

சிவப்புத் துணி சுற்றிய பெட்டி என் கையில். நான் நினைத்ததைவிடக் கனம் குறைவு. அணையின் நடுவில் நின்றுவிட்டேன். இடதுபுறம் அவருடைய மரங்கள். வரிசையில் கைமாற்றுவது நின்றது. பன்றிகூட அடங்கியிருந்தது.

மேல்பக்கத்துப் படகில் பெரியப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"குடும்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் பாத்துப் பிடிச்சுக்கறேன்."

கொடுத்தேன். அவர் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். நானும் ஏறினேன். மோட்டார் உயிர்பெற்றது. பின்னால் எனோன் அக்காவின் குரல்: "யாரும் கலையாதீங்க, இன்னும் மூணு மூட்டை இருக்கு!"

படகு வளைவில் திரும்பும்வரை அணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பலகை நகரவில்லை. தண்ணீர் அப்படியே நின்றது.