உபவாசத்துக்கு ஒரு சான்றிதழ்

சென்னையில் பி.எஸ்ஸி. முடித்துச் செஞ்சிக்குத் திரும்பியதும், உணவுச்சத்தும் உடற்பயிற்சியும் சேர்ந்த மேற்படிப்புக்கு விண்ணப்பம் வரவழைத்தேன். இடம் கிடைக்காவிட்டால் ஆவணியில் தொண்டூர் மாப்பிள்ளை. அவருக்குக் கிணறு உண்டு, பம்பு செட்டு உண்டு. அம்மாவும் சித்தப்பாக்களும் வாயைத் திறந்தால் பம்பு செட்டைப் பற்றித்தான் பேச்சு. மாப்பிள்ளை எப்படியிருப்பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அந்தப் படிப்பு எப்படியாவது வேண்டும்.

'உடற்பயிற்சி' என்ற கட்டத்தில், ராஜகிரிக் கோட்டை இரண்டு முறை ஏறியிருக்கிறேன் என்று எழுதினேன். ஒரு முறை பாதியிலேயே உட்கார்ந்து புளிசோறு தின்றுவிட்டு இறங்கியதை எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில்தான் வம்பு. உணவு சம்பந்தமான அனுபவம் இருந்தால், பெரிய மனிதர் யாரிடமாவது சான்றிதழ் வாங்கி இணைக்க வேண்டுமாம்.

நைனாவுக்குக் கடைத்தெருவில் வேர்க்கடலை மண்டி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"சாப்பாட்டப் பத்திதான கேக்குறான்? போன வருஷம் லீவுல வந்தப்ப எட்டு நாள் உபவாசம் இருந்தியே, அத எழுதி வாங்கியாரேன்."

"நைனா, அது சாப்புடாம இருந்தது. இவங்க சாப்புடறதப் பத்திக் கேக்குறாங்க."

"உனுக்கு இன்னா தெரியும், போ."

எங்கள் ஜைனக் கோயில் தர்மகர்த்தா ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தார். இப்பெண் பொழுது சாய்ந்தபின் பல்லில் ஒன்றும் படாதவள், கிழங்கு தொடாதவள், நோன்பில் எட்டு நாளும் வெந்நீர் மட்டுமே குடித்தவள். ஆகவே உணவைப் பற்றிப் படிக்க முழுத் தகுதி உடையவள். அந்த 'ஆகவே' எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அந்த எட்டு நாளில் முதல் நாள் மட்டும்தான் நான் பட்டினி. இரண்டாம் நாளிலிருந்து, மத்தியானம் நைனா கண்ணயரும் நேரம் பார்த்து மண்டிக்குள் நுழைந்து மூட்டையிலிருந்து கடலையை அள்ளித் தின்றேன். கடலை மண்ணுக்கடியில்தான் விளைகிறது. ஆனால் எங்கள் குடும்ப வியாபாரம் என்பதால் அதைக் கிழங்கோடு சேர்ப்பதில்லை. நோன்பு முடிந்ததும் எனக்கு மாலை போட்டார்கள். முகத்தில் என்ன தேஜஸ் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எல்லாம் கடலையின் தேஜஸ்.

நேர்காணலுக்கு நைனாவும் கூட வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே துறைத் தலைவி சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

"எட்டு நாளா! அஞ்சாம் நாள் உடம்பு எப்படி இருந்துது? புஸ்தகத்துல இருக்கறது வேண்டாம்மா, உனக்கு எப்படி இருந்துதுன்னு சொல்லு."

புத்தகத்தில் இருந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். பொய் சொன்னால் அடுத்த கேள்வியில் மாட்டுவேன். உண்மையைச் சொன்னால் தர்மகர்த்தா பொய்யர், நைனாவும் பொய்யர். தொண்டூர்ப் பம்பு செட்டு காதுக்குள் ஓட ஆரம்பித்தது. பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அஞ்சாம் நாள் ரெண்டு பிடி வேர்க்கடலை தின்னேன், மேடம். கொஞ்சம் வெல்லமும்."

அந்த அம்மாள் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. பிறகு கடலையில் என்ன இருக்கிறது, வெல்லத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அதை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பத்து நாளில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது.

உபவாசத்துக்குக் கிடைத்த சீட்டு என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. தர்மகர்த்தா அந்த வருஷமே இன்னும் இரண்டு பெண்களுக்கு உபவாசச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அதில் ஒருத்தி சேரப் போனது தையல் வகுப்பில்.

ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் நைனா ஒரு பை நிறையக் கடலையும், காகிதத்தில் சுற்றிய ஒரு உருண்டை வெல்லமும் கொடுத்தார். வெல்லம் எதற்கு என்று கேட்டேன்.

"அத்தோட சேத்துதான தின்ன? நான் கண்ண மூடிக்கினு இருந்தேன். தூங்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தெரிஞ்சுமா நைனா சர்டிபிகேட் வாங்கியாந்த?"

"அந்தப் பம்பு செட்டு எனுக்கும் புடிக்கல" என்றார் நைனா, பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே.