தலைவர் தெருவில் நடைப்பயிற்சி

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, ஜீயபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு நர்ஸாகப் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே துணை சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "காலையில கொஞ்சம் நடங்கக்கா" என்பேன்.

ஒருநாள் வாய்த்துடுக்கான அக்கா ஒருவர் திருப்பிக் கேட்டார்: "எங்க நடக்கறது நர்சம்மா? வாய்க்கால் கரை பூரா கருவேல முள்ளு. மெயின் ரோட்டுல பஸ்ஸு. எங்க தெருவுல நாய்ங்க."

ஊரில் உருப்படியான சிமென்ட் ரோடு பஞ்சாயத்துத் தலைவர் தெருவில் மட்டும்தான். "அப்ப அங்க நடங்க" என்றேன் விளையாட்டாக.

அவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் விடிவதற்குள் ஒரு பட்டாளமே அங்கே இறங்கிவிட்டது. சும்மா நடந்தாலும் பரவாயில்லை. மாமியார், மருமகள், நேற்றைய சீரியல் என்று ஊருக்கே கேட்கிற குரலில் பேசிக்கொண்டு நடந்தார்கள். சின்னத் தெரு அது. திரும்பத் திரும்பத் தலைவரின் ஜன்னலைத்தான் கடக்க வேண்டும்.

சில நாளில் தலைவர் சிவந்த கண்களோடு என்னிடம் வந்தார். "என்னம்மா இது? தூக்கமே போச்சு எனக்கு."

"சர்க்கரைக்கு நடக்கறாங்க சார். வேற இடம் இல்லையே."

"உங்க வேலை ஊசி போடறது. ரோடு போடறது என் வேலை. அதுல எதுக்குத் தலையிடறீங்க?"

"அதைப் போடுங்கன்னுதான் நாங்களும் சொல்றோம்" என்றார், மாத்திரைக்கு நின்றுகொண்டிருந்த அந்த அக்கா.

பொங்கலுக்குள் முள்ளை வெட்டி, வாய்க்கால் கரையில் கிராவல் கொட்டி, விளக்கும் போட்டுவிட்டார்கள். திறப்பு விழாவில் தலைவர், இது தன் நெடுநாள் கனவு என்று பேசினார். அவரைத் தூங்கவே விடாதவர்கள் எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள்.

அடுத்த பரிசோதனையில் ஒருத்தருக்கும் சர்க்கரை குறையவில்லை. சிலருக்கு ஏறியிருந்தது. காரணம் புரியாமல், ஒரு காலை நானே வாய்க்கால் கரைக்குப் போய்ப் பார்த்தேன். பாதை முடிகிற இடத்தில் கீற்றுக் கொட்டகை. எண்ணெய்ச் சட்டியில் வாழைக்காய் பஜ்ஜி. கரண்டியோடு அதே அக்கா.

"என்னக்கா அநியாயம் இது?"

"பொம்பளைங்க சொந்தமா தொழில் செஞ்சாதான் ஊரு முன்னேறும்னு மகளிர் குழுக் கூட்டத்துல பேசினது யாரு?"

நான்தான். நன்றாகவே பேசியிருந்தேன்.

ரொம்ப நேரம் வாதாடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். காலையில் சுண்டலும் சர்க்கரை போடாத டீயும். பஜ்ஜி சாயங்காலம் மட்டும்.

இப்போது சாயங்காலமும் நடக்கிறார்கள்.