ஒவ்வொரு பிழைக்கும் புதுத் தாள்

கணவர் இறந்த ஏழாம் மாதம், சித்தூரில் அவர் வேலை பார்த்த அலுவலகத்திலேயே எனக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் பரீட்சை தேறினால்தான் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார்கள். எனக்கு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கொழுந்தனார் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கித் தந்த வேலை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். வசமாக மாட்டிக்கொண்டேன்.

பயிற்சி திருப்பதியில், ஒரு மாடி அறையில். ஏசி ஓடுவதால் சன்னல்களை அடைத்துக் கதவையும் சாத்திவிடுவார்கள். எனக்கு மூச்சு முட்டும். சொல்லிக்கொடுத்தவள் நாராயணவனத்துத் தமிழ்ப் பெண். முதல் நாள் மவுஸை நகர்த்திக்கொண்டே மேசை விளிம்புவரை போய்விட்டு, இதற்கு மேல் இடமில்லையே என்று முழித்தேன். தூக்கி இந்தப் பக்கம் வைக்கலாம் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது.

ஆனால் டைப் அடிப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே புத்தூரில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். அந்த இன்ஸ்டிடியூட்டில் ஓர் எழுத்து தப்பினாலும் தாளை உருவிப் போட்டுவிட்டு, புதுத் தாளில் முதலிலிருந்து அடிக்க வேண்டும். தப்பின் மேலேயே அடித்து மறைத்தால் விரலில் ஸ்கேல் விழும். இருபது வருஷம் கழித்தும் விரல்கள் அதை மறக்கவில்லை. வேர்டில் ஓர் எழுத்து தப்பியதும் என் கை தானாக அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்கும். சேமிக்கவா என்று அது கேட்கும், வேண்டாம் என்பேன். மூன்று வாரத்தில் ஒரு கடிதத்தைக்கூட நான் முடிக்கவில்லை. தேதிக்கும் முதல் பத்திக்கும் நடுவிலேயே அடைபட்டுக் கிடந்தேன்.

"இன்னா ஆன்டி, மறுபடியும் மூடிட்டீங்களா?" என்றாள் ஒருநாள். "தப்புன எழுத்த மட்டும் அழிங்க. மொத்தத்தையும் ஏன் சாவடிக்கிறீங்க?"

சுருக்கென்றது. புரியாமல் இல்லை. தப்பு விழுந்த தாளைத் தொடர மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

பரீட்சையன்று இரண்டாவது வரியிலேயே தப்பு விழுந்தது. வலது கை பக்கத்தை மூடக் கிளம்பியது. இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார். அந்த ஓர் எழுத்தை மட்டும் அழித்தேன். பிறகு நிறுத்தவே இல்லை. கையெழுத்துப் போடும் இடம்வரை அடித்து முடித்துச் சேமித்தேன். அன்று மாலையே தேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

சித்தூர் பஸ் சந்திரகிரியைத் தாண்டும்போது எனக்கு உறைத்தது. அதுவரை அவருடைய வேலையைத்தான், அவர் இல்லாத நேரத்துக்குப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பில் இருந்திருக்கிறேன். இனி அது என் வேலை, ஓய்வு பெறும்வரை. அவர் வரமாட்டார். சாவு வீட்டில் பிள்ளைகளுக்காக அடக்கிக்கொண்டிருந்த அழுகை, நாலு பேர் பார்க்கப் பீறிட்டு வந்தது.

பக்கத்து சீட்டில் கங்காதர நெல்லூர் போகிற ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யார்னா தவறிட்டாங்களாம்மா?"

"என் வீட்டுக்காரரு."

"அடக் கடவுளே. எப்போ?"

"இப்பத்தாம்மா" என்றேன்.